அளவும் பொழுதும்: ஒலிப்பதிவு மென்பொருளின் அனுப்புக்குமிழும் கிங் டபியின் டப் கலவையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒலிப்பதிவு மென்பொருள்களில் ஒரு தடத்தின் ஒலியில் ஒரு பகுதியைப் பிரித்து, எதிரொலி, எதிர்முழக்கம் முதலிய விளைவுக் கருவிகளுக்குச் செலுத்தும் அமைப்பு ‘செண்ட்’ எனப்படுகிறது. எவ்வளவு ஒலி செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குமிழாகவே அது திரையில் காட்டப்படுகிறது. 1970-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிங் டபி உருவாக்கிய டப் கலவைகளிலோ, அதே குமிழ் எப்பொழுது ஒலி செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. இவ்வேறுபாடு நான்கு தடப் பதிவின் நெருக்கடியோடு தொடர்புடையது என்பதையும், டப் குறித்த முதன்மையான விளக்கங்கள் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: ஒலிக்கலவை, அனுப்புக்குமிழ், திரும்புதடம், டப், கிங் டபி, எதிரொலி, ஒலிப்பதிவு மென்பொருள்

முன்னுரை

தமிழில் ‘டப்’ என்றவுடன் பிறமொழிப் படத்திற்குக் குரல் மாற்றும் வேலையே நினைவுக்கு வரும். ஜமைக்காவின் டப் அதுவன்று. ஏற்கெனவே பதிவான ஒரு ரெகே பாடலின் தடங்களை எடுத்துக்கொண்டு, பாடகர் குரலைப் பெரிதும் நீக்கி, டிரம்ஸையும் பாஸ் கிட்டாரையும் முன்னிறுத்தி, எஞ்சியவற்றைத் துண்டுதுண்டாகத் தோன்றி மறையச் செய்து உருவாக்கப்படும் புதிய கலவையே டப். இதில் புதிதாக எதுவும் வாசிக்கப்பட வேண்டியதில்லை. ஒலிப்பொறியாளர் கலவை மேசையின் முன் அமர்ந்து செய்வது மட்டுமே படைப்பாகிறது. ஆகவே கலவை மேசையின் உறுப்புகளை அறியாமல் டப்பைப் பற்றிப் பேசுவது, யாப்பறியாமல் செய்யுளைப் பற்றிப் பேசுவதற்கு ஒப்பாகும்.

அவ்வுறுப்புகளுள் ஒன்றே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒலிக்கு விளைவு சேர்க்க இரு வழிகள் உண்டு. முதலாவது, தடத்தின் பாதையிலேயே கருவியை இடைச்செருகுவது. முழு ஒலியும் அக்கருவியின் வழியாகவே சென்றாக வேண்டும். இரண்டாவது, தடத்தின் ஒலியை அதன் பாதையிலேயே போகவிட்டு, அதன் படி ஒன்றை மட்டும் கிளைவழியில் விளைவுக் கருவிக்கு அனுப்பி, அங்கிருந்து வருவதை வேறொரு தடத்தில் பெற்று மூல ஒலியோடு கலப்பது. கிளைவழிக்கு எவ்வளவு செல்கிறது என்பதைக் கட்டுப்படுத்தும் குமிழை ஒலிக்கூடத்தார் ‘செண்ட்’ என்றும், விளைவு வந்து சேரும் தடத்தை ‘ரிட்டன்’ என்றும் அழைப்பர். இக்கட்டுரையில் அவை முறையே அனுப்புக்குமிழ், திரும்புதடம் எனப்படும்.

இன்னொரு வேறுபாடும் இங்கே தேவைப்படுகிறது. கிளை பிரியும் இடம் தடத்தின் ஃபேடருக்குப் பின் இருந்தால், ஃபேடரை இறக்கும்போது கிளைவழியும் வற்றும். ஃபேடருக்கு முன் இருந்தால், மூல ஒலி முற்றிலும் அடங்கிய பின்னும் கிளைவழி ஓடிக்கொண்டிருக்கும். பாடகர் அறையில் இல்லை, அவருடைய எதிரொலி மட்டும் இருக்கிறது என்னும் நிலையை இந்த இரண்டாம் முறை உண்டாக்கும்.

கிளைவழியின் தோற்றம்

அனுப்புக்குமிழ் கலை நோக்கில் பிறந்ததன்று. அது சிக்கனத்தில் பிறந்தது. 1947-இல் சிகாகோவில் பில் புட்னம், ஹார்மோனிகாட்ஸ் குழுவின் ‘பெக் ஓ மை ஹார்ட்’ என்னும் பதிவுக்குக் குளியலறை ஒன்றை எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார். ஒலிபெருக்கி ஒன்றின் வழியாக இசையை அறைக்குள் செலுத்தி, சுவர்களில் பட்டுத் திரும்புவதை ஒலிவாங்கியால் பிடித்து மூலத்தோடு கலப்பது அம்முறை. அறை ஒன்றே, இசைக்கருவிகள் பல. ஒவ்வொன்றிலிருந்தும் வேண்டிய அளவை மட்டும் அறைக்கு அனுப்ப ஒரு பங்கீட்டு முறை வேண்டும். 1957-இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் கொண்டுவந்த 140 என்னும் எஃகுத் தகட்டு எதிர்முழக்கக் கருவி அறையின் இடத்தைப் பிடித்தது. அது சுமார் 270 கிலோ எடையுள்ள பொருள். தடத்திற்கு ஒன்றாக அதை வாங்கி வைக்க எந்தக் கூடத்தாலும் இயலாது. அப்போதும் பங்கீடே தீர்வாயிற்று.

இவ்வரலாற்றில் அனுப்புக்குமிழ் ஒரு பொதுக்கிணற்றின் பங்குரிமை போன்றது. யாருக்கு எத்தனை வாளி என்பதே கேள்வி. கலவை தொடங்குமுன் அளவுகள் தீர்மானிக்கப்படும். பாடல் முடியும்வரை பெரும்பாலும் அவை அப்படியே நிற்கும். 1991-இல் புரோ டூல்ஸ் வந்தது முதல் இன்றைய மென்பொருள்கள் வரை இந்தப் பங்குரிமைக் கருத்தையே உள்வாங்கிக்கொண்டிருக்கின்றன. அறைக்கும் தகட்டுக்கும் பதிலாகக் கணினியின் செயலாற்றல் இப்போது சிக்கனப்படுத்தப்படுகிறது என்பதே மாற்றம்.

நான்கு தடங்களின் நெருக்கடி

ஆஸ்போர்ன் ரடக் என்னும் இயற்பெயர் கொண்ட கிங் டபி (1941–1989) இசைக்கலைஞர் அல்லர், மின்னணுப் பழுதுபார்ப்பவர். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் செப்பனிட்டு வந்தார். ‘ஹோம் டவுன் ஹை-ஃபை’ என்னும் தெரு ஒலியமைப்பை நடத்தினார். டியூக் ரீடின் டிரெஷர் ஐல் கூடத்திற்காக இசைத்தட்டு வெட்டும் பணியும் செய்தார். 1970-களின் தொடக்கத்தில், டைனமிக் கூடம் கழித்துவிட்ட எம்.சி.ஐ. கலவை மேசை ஒன்றை வாங்கித் தம் வீட்டில் நிறுவிக்கொண்டார். அந்த வீட்டில் ஓர் இசைக்குழு முழுவதும் அமர்ந்து வாசிக்க இடமில்லை. வேறு கூடங்களில் பதிவான நான்கு தட நாடாக்களே அவரிடம் வந்தன.

இந்த நான்கு என்னும் எண்ணில்தான் ஆய்வின் மையம் உள்ளது. பெரும்பாலும் டிரம்ஸ் ஒரு தடம், பாஸ் ஒரு தடம், கிட்டாரும் விசைப்பலகைகளும் ஒரு தடம், குரலோ ஊதுகருவிகளோ ஒரு தடம் என்று அந்நாடாக்கள் அமைந்திருந்தன. சில பதிவுகளில் டிரம்ஸும் பாஸும் சேர்ந்தே ஒரு தடத்தில் கிடந்ததும் உண்டு. அதாவது கிக், ஸ்னேர், ஹை-ஹாட் ஆகிய மூன்றையும் பிரிக்க வழியில்லை. பாலோடு கலந்த நீர் போல அவை ஒன்றாகவே கிடந்தன.

அப்படியிருந்தும் டபியின் கலவைகளில் ஒரு ஸ்னேர் அடி மட்டும் தனித்தெழுந்து, எதிரொலியாகி, மங்கிச் செல்வதைக் கேட்க முடிகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஹை-ஹாட் அடிகள் உலர்ந்தே நிற்கின்றன. தடத்தைப் பிரிக்க முடியாதவர் அடியை எப்படிப் பிரித்தார்? பொழுதால் பிரித்தார் என்பதே விடை. ஸ்னேர் விழும் கணத்தில் அனுப்புக்குமிழைத் திறந்து, அடுத்த ஹை-ஹாட் விழுமுன் மூடிவிட வேண்டும். நிமிடத்திற்கு 75 தட்டு என்னும் நடையில் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்றுக்கு 3.2 நொடிகள் ஆகும். ரெகேயின் ‘ஒன் டிராப்’ என்னும் அடிமுறையில் மூன்றாம் தட்டில்தான் அழுத்தம் விழும். ஹை-ஹாட் தட்டுக்கு இரண்டாக வாசிக்கப்பட்டால் இரு அடிகளுக்கு இடையே உள்ள இடைவெளி 400 மில்லிநொடிகள். அந்த இடைவெளிக்குள் கை இயங்கி முடிந்தாக வேண்டும். தவறினால் மீட்க வழியில்லை; நாடாவைத் திரும்ப ஓட்டி முதலிலிருந்து கலக்க வேண்டும்.

பங்கீட்டுக் கருவியாகப் பிறந்த குமிழ் இங்கே மீட்டும் கருவியாகிவிட்டது. கிணற்று வாளிக் கணக்கு இங்குப் பொருந்தாது. குமிழ் முழுமையாகத் திறந்ததா, பாதி திறந்ததா என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. எந்த அடியில் திறந்தது, எந்த அடியை விட்டுவிட்டது என்பதே கேட்பவர் உணரும் பொருள். பன்னிரண்டு சுற்றுகள் உலர்ந்தே சென்று பதின்மூன்றாம் சுற்றில் ஓர் அடி மட்டும் எதிரொலித்தால், முந்தைய பன்னிரண்டும் அந்த ஓர் அடிக்கான காத்திருப்பாக மாறிவிடுகின்றன.

நாடா எதிரொலியின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. பதிவுத்தலைக்கும் வாசிப்புத்தலைக்கும் உள்ள தூரத்தை நாடா கடக்கும் நேரமே எதிரொலியின் இடைவெளி. தலைகள் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்து, நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடினால் எதிரொலி ஏறத்தாழ 130 மில்லிநொடியில் வரும். வேகத்தைப் பாதியாக்கினால் 260. இவ்வெண்கள் பாடலின் நடையைக் கேட்டு வருபவையல்ல. ஆகவே எதிரொலி தாளத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் நழுவிச் செல்கிறது. மேலும், திரும்பிய ஒலியை மீண்டும் எதிரொலிக் கருவிக்கே அனுப்பினால், ஒவ்வொரு சுற்றிலும் நாடா அதன் உச்ச அதிர்வுகளைத் தின்றுகொண்டே போகிறது. ஒலிக்கு வயதாகிறது. கணினியின் எளிய எதிரொலியில், வடிகட்டி எதையும் சேர்க்காவிட்டால், பத்தாவது எதிரொலியும் முதலாவதைப் போலவே இளமையாக இருக்கும். அளவு மட்டுமே குறைந்திருக்கும்.

இதனால் நான்கு தடம் இருந்தமையாலேயே டப் பிறந்தது என்று கூறிவிட முடியாது. கிங்ஸ்டனில் அதே வசதிக்குறைவோடு பலர் பணியாற்றினர். ராண்டிஸ் கூடத்தில் எரல் தாம்சன் அதே ஆண்டுகளில் டப் கலவைகள் செய்துவந்தார். லீ பெரியின் பிளாக் ஆர்க் கூடமும் நான்கு தடக் கூடமே. ஆனால் 1976-இல் வந்த ‘சூப்பர் ஏப்’ போன்ற அவருடைய பதிவுகளில் விளைவு ஒரு கணத்து நிகழ்ச்சியாக இல்லாமல், பாடல் முழுதும் பரவிய மூடுபனியாக நிற்கிறது. அங்கே செயல்படுவது அளவே. எனவே பொழுது என்பது டப்பின் பொது இலக்கணமன்று; டபியின் மேசையிலும், அங்குப் பயின்ற பிரின்ஸ் ஜாமி, சயன்டிஸ்ட் ஆகியோரிடமும் தெளிவுற்ற ஒரு நடை. ஜமைக்கா என்றால் பொழுது, மென்பொருள் என்றால் அளவு என்று கோடு கிழிப்பதற்கு இடமில்லை.

ஒரு பதிவின் வாசிப்பு

ஜேக்கப் மில்லர் பாடி, அகஸ்டஸ் பாப்லோ தயாரித்த ‘பேபி ஐ லவ் யூ சோ’ ஒரு காதல் பாடல். அதன் டப் வடிவமே ‘கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’. 1975-இல் ஐலண்டு நிறுவனம் இவ்விரண்டையும் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வெளியிட்டது. பின்பக்கம் முன்பக்கத்தை விஞ்சியது. ஒலிப்பொறியாளரின் பெயர் பாடலின் தலைப்பிலேயே ஏறியிருப்பதும் நோக்கத்தக்கது. அக்காலத்தில் கலவையாளர் பெயரை இசைத்தட்டு உறையில் தேடிப் பார்த்தாலும் கிடைப்பது அரிது.

இந்தப் பின்பக்கத்தில் மில்லரின் குரல் நீக்கப்படவில்லை; சிதறடிக்கப்பட்டுள்ளது. ஒரு சொல்லோ, பாதிச் சொல்லோ ஃபேடர் உயர்வதால் வெளிப்படுகிறது. அது முற்றுப்பெறுமுன் ஃபேடர் இறங்குகிறது. எதிரொலி மட்டும் டிரம்ஸின் மேல் தாவித் தாவி மறைகிறது. முதன்மைப் பாடலில் காதலிக்குச் சொல்லப்பட்ட செய்தி, டப் வடிவில் சென்றுசேராத செய்தியாகிறது. சொல்பவர் இருக்கிறார், சொல்லத் தொடங்குகிறார், வாக்கியம் எட்டவில்லை. பாப்லோவின் மெலோடிகாவும் கிட்டாரின் வெட்டொலியும் இதே போலத் தலைகாட்டி மறைகின்றன. டிரம்ஸும் பாஸும் மட்டும் தரையாக நிற்கின்றன.

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபின் ஒரு சொல் கைகொடுக்கிறது. தொல்காப்பியம் எச்சவியலில் பத்து வகை எச்சங்களைக் கூறும். எச்சம் என்பது குறைபாடன்று. முடிக்கும் சொல்லை நோக்கி நிற்கும் வடிவம். டபியின் கையில் அறுந்த சொல் இத்தகைய நிலையையே அடைகிறது. ஆனால் முடிக்கும் சொல் வருவதற்கு மாறாகத் தொடக்கமே திரும்பத் திரும்ப வருகிறது. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது பொருந்தாது. இலக்கணத்தில் எச்சம் முடிவு பெறும், இங்கே மங்கி மறைகிறது.

இவ்வறுப்புக்கு ஒரு பயன்பாட்டுக் காரணமும் உண்டு. தெரு ஒலியமைப்புகளில் இத்தகைய வடிவங்களின் மேல் யூ-ராய் போன்ற டீஜேக்கள் நேரில் பேசியும் பாடியும் வந்தனர். குரல் விலகிய இடம் அவர்களுக்கான இடம். மில்லர் பாதியில் நிறுத்தியதை மேடையில் நிற்பவர் தொடரலாம். தனியறையில் இசைத்தட்டாகக் கேட்பவருக்கு வெறுமையாகப் படுவது, தெருவில் கேட்டவருக்கு அழைப்பாக இருந்திருக்கும். டப்பை இருண்மை, தனிமை என்ற சொற்களாலேயே விவரிக்கும் மேலைநாட்டு இசைத்தட்டு மதிப்புரைகள் இதை மறந்துவிடுகின்றன.

முந்தைய விளக்கங்களின் போதாமை

டப் குறித்து விரிவாக எழுதப்பட்ட நூல்களுள் மைக்கேல் வீலின் ‘டப்: சவுண்ட்ஸ்கேப்ஸ் அண்ட் ஷாட்டர்டு சாங்ஸ் இன் ஜமைக்கன் ரெகே’ (2007) முதன்மையானது. கூடங்களையும் கருவிகளையும் பொறியாளர்களையும் அது பொறுமையாகப் பதிவு செய்கிறது. ஆயினும் பொருள்கொள்ளும் இடத்திற்கு வரும்போது எதிரொலியைப் புலம்பெயர்ந்த ஆப்பிரிக்க மக்களின் நினைவோடும் இழப்போடும் இணைத்து வாசிக்கிறது. இவ்வாசிப்பு கவர்ச்சியானது, வரலாற்று அடிப்படையும் உடையது. ஆனால் எதிரொலி என்னும் விளைவிலிருந்து நேராக நினைவு என்னும் கருத்துக்குத் தாவும்போது இடையில் ஒரு கை விடுபட்டுப் போகிறது. எல்லா எதிரொலியும் நினைவைக் குறிக்குமாயின், சிகாகோ குளியலறையின் ஹார்மோனிகா எதிரொலிக்கும் அதே பொருளைச் சொல்ல வேண்டிவரும். டபியின் எதிரொலி வேறுபடுவது அது எதிரொலியாக இருப்பதால் அன்று. எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்பதால். நினைவு என்று பெயரிடுவதானாலும், தெரிவு செய்யப்பட்ட நினைவு என்றே பெயரிட வேண்டும். வீலின் நூலில் தெரிவு செய்தவரின் கைத்திறன் ஓர் இயலிலும் அதன் பொருள் வேறோர் இயலிலும் நிற்கின்றன.

பிரையன் ஈனோ ரெகே கலவையாளரைச் சிற்பிக்கு ஒப்பிட்டார். இசைக்குழு வாசித்தது ஒரு முழுக்கல். கலவையாளர் அதிலிருந்து செதுக்கி நீக்குகிறார் என்பது அவர் கருத்து. ஃபேடரைப் பொறுத்தவரை இது மிகப் பொருத்தம். அனுப்புக்குமிழைப் பொறுத்தவரை இது தவறுகிறது. சிற்பியின் உளியிலிருந்து தெறித்த சில்லு சிலைக்குத் திரும்புவதில்லை. டப்பில் நீக்கப்பட்டது சில நூறு மில்லிநொடிகள் கழித்து, சற்றே தேய்ந்து, நீக்கியவரின் முன்னால் மீண்டும் வந்து நிற்கிறது. நீக்கத்திற்கும் திரும்புதலுக்கும் இடைப்பட்ட உறவே அங்குக் கலை. நீக்கத்தை மட்டும் காணும் உவமை பாதியையே காண்கிறது.

மென்பொருளின் மேசை

இன்றைய மென்பொருள்களைத் திறந்தால் கண்ணில் படுவது முற்றிலும் வேறு உலகம். தடங்களுக்கு எல்லை இல்லை. ஸ்னேருக்குத் தனித்தடம், கிக்குக்குத் தனித்தடம், ஹை-ஹாட்டுக்குத் தனித்தடம். ஸ்னேரை மட்டும் எதிரொலிக்கச் செய்ய அதன் அனுப்புக்குமிழை ஒருமுறை உயர்த்திவைத்தால் போதும். கை செய்த வேலையைப் பாதையமைப்பு செய்துவிடுகிறது. விளைவு என்னவெனில், ஒவ்வொரு ஸ்னேரும் எதிரொலிக்கிறது. ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய கட்டாயம் நீங்கியவுடன் தெரிவு செய்யும் பழக்கமும் தளர்கிறது. தொடக்கநிலை மாணவர்களின் கலவைகள் எல்லா இடத்திலும் ஒரே ஈரத்தோடு இருப்பதற்கு இரசனைக் குறைவைவிடத் திரையின் அமைப்பே பெரிய காரணம் எனலாம்.

திரையின் இயல்புநிலைத் தீர்மானங்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. புரோ டூல்ஸில் ஒரு தடத்திற்குப் பத்து அனுப்புகள் வரை அமைக்கலாம்; ஏபிள்டன் லைவில் பன்னிரண்டு திரும்புதடங்கள் வரை. எண்ணிக்கையில் தாராளம். ஆனால் லைவில் ஒரு திரும்புதடத்தைத் தனக்குத் தானே அனுப்பும் குமிழ்கள் இயல்பாகவே செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளன. பயனர் தேடிச் சென்று அவற்றை இயக்க வேண்டும். ரீப்பரிலும் பின்னூட்டப் பாதை முதலில் அடைக்கப்பட்டே இருக்கும். திட்ட அமைப்புகளுக்குள் நுழைந்து அனுமதித்தால்தான் திறக்கும். காரணம் நியாயமானதே. தனக்குத் தானே திரும்பும் ஒலி கட்டுமீறினால் ஒலிபெருக்கியும் காதும் பாதிக்கப்படும். எனினும் டபியின் மேசையில் அன்றாடக் கருவியாக இருந்தது இங்கே ஆபத்தாக வகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதைத் திறனாய்வு குறித்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு நடைக்குப் பூட்டுப் போடப்பட்டுள்ளது. சாவி உள்ளேயே இருக்கிறது என்றாலும்.

எதிரொலியின் நேரமும் இவ்வாறே. பல மென்பொருள்களில் எதிரொலிக் கருவி பாடலின் நடையோடு பிணைக்கப்பட்டே வருகிறது. 75 தட்டு நடையில் அது 400, 600, 800 மில்லிநொடிகளில் சரியாக வந்து விழும். கேட்க இனிமையாக இருக்கும். தாளத்தின் கட்டங்களுக்குள் எதிரொலியும் ஒரு வாத்தியமாக அடங்கிவிடும். நழுவல் இருக்காது.

இவற்றுக்கு எதிரான வாதம் ஒன்று உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. மென்பொருள் பொழுதைத் தடுக்கவில்லை. அனுப்புக்குமிழின் அசைவைப் பதிவு செய்யும் தானியக்க வசதி எல்லா மென்பொருள்களிலும் உண்டு. குமிழ்கள் கொண்ட சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கணினியோடு இணைத்தால் டபி செய்ததைப் போலவே கையால் மீட்டலாம். ரீப்பரில் தடம், திரும்புதடம், குழுத்தடம் என்ற வகைப்பிரிவே இல்லை. எந்தத் தடத்திலிருந்தும் எந்தத் தடத்துக்கும் அனுப்பலாம். இவ்வகையில் அது எந்தப் பழைய மேசையையும்விடத் தாராளமானது. அப்படியிருக்கக் கருவியைக் குறைகூறுவது பழையதன் மேல் உள்ள ஏக்கமன்றி வேறென்ன என்று கேட்கலாம்.

கேள்வி சரியே. பழைய நாடா, பழைய மேசை ஆகியவற்றை வழிபடும் எழுத்துகள் மிகுந்துவிட்டன. அவற்றோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் முடியும் என்பதும் நேரும் என்பதும் ஒன்றல்ல. தானியக்கத்தில் அனுப்புக்குமிழின் அசைவு பெரும்பாலும் சுட்டியால் கோடாக வரையப்படுகிறது. வரைபவர் பாடலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. ஸ்னேர் அலைவடிவம் தொடங்கும் இடத்தில் கோட்டை உயர்த்தி, முடியும் இடத்தில் தாழ்த்தலாம், துல்லியத்திற்குக் குறைவிருக்காது. குறைவது வேறொன்று. டபியின் கை ஸ்னேரை எதிர்பார்த்தது. சிலவேளை அரைக்கணம் முன்னதாகத் திறந்து ஹை-ஹாட்டின் வாலையும் சேர்த்துக்கொண்டது. சிலவேளை தாமதித்து அடியின் தலையை இழந்தது. அவ்வாறு தலையிழந்த அடி, எதிரொலியில் அடியாகக் கேளாமல் மூச்சாகக் கேட்கும். இப்பிழைகள் திட்டமிட்டவை என்று வாதிட வேண்டியதில்லை. ஆனால் கேட்டபின் அவற்றை வைத்துக்கொள்வதா, மீண்டும் கலப்பதா என்பது தீர்ப்பு. கோடு வரையும் முறையில் அத்தீர்ப்புக்கான சந்தர்ப்பமே எழுவதில்லை. பாடலை ஓட்டியபடி குமிழைத் தொட்டுப் பதிவுசெய்யும் முறையை மாணவர்க்கு முதலில் கற்பித்து, கோடு வரைவதைத் திருத்தத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. பாடத்தின் வரிசையை மாற்றினால் போதும்.

பாடபேதமும் திட்டக்கோப்பும்

இவ்வேறுபாடு ஆய்வாளருக்கு ஒரு மூலபாடச் சிக்கலையும் உண்டாக்குகிறது. ஒரே தாளப்பதிவுக்குப் பல டப் வடிவங்கள் உள்ளன. சில டபியின் கையால், சில பிறர் கையால் ஆனவை. ஒவ்வொன்றும் ஒரு முறை நிகழ்ந்து நாடாவில் உறைந்தது. கை என்ன செய்தது என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. ஒலியைக் கேட்டே ஊகிக்க வேண்டும். ஆனால் வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த அடி எதில் எதிரொலிக்கிறது, எதில் இல்லை என்று பாடபேதம் குறிக்கலாம். சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இது அறிமுகமான வேலை.

மென்பொருளின் திட்டக்கோப்பில் நிலைமை தலைகீழாகிறது. அனுப்புக்குமிழின் ஒவ்வோர் அசைவும் எந்த மில்லிநொடியில் எவ்வளவு டெசிபல் என்று எண்ணாக அதில் கிடக்கிறது. ஊகத்திற்கு வேலையில்லை. ஆனால் அக்கோப்பில் இருப்பது கடைசியாகச் சேமித்த வடிவம் மட்டுமே. அதற்கு முன் வரைந்து அழித்த கோடுகள், வைத்துப் பார்த்துக் கைவிட்ட அடிகள் ஆகியவை, கலவையாளர் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்திருந்தாலன்றி, எங்கும் எஞ்சுவதில்லை. கோப்பு கிடைத்தாலும், அதில் பயன்பட்ட எதிரொலிக் கருவியின் பதிப்பு புதிய கணினியில் இயங்காவிட்டால் அனுப்பின் எண்கள் இருக்கும், திரும்பி வருவது இருக்காது. வாட்டர்ஹவுஸின் நாடாக்களுக்கு இந்த இடர் வேறு வடிவில் நேர்ந்தது: அங்கே திரும்பி வந்தது இருக்கிறது, அனுப்பிய கணக்கு இல்லை.